பொதுக் கத்தி

"எனக்குன்னு தனியா ஒரு கத்தி வேணும், காஞ்சோ அண்ணே."

வெனெலினா இதைக் கேட்டதும் எலும்பு பிரிக்கும் கூடத்தில் எல்லாருடைய கையும் நின்றது. பன்றித் தொடைகள் மட்டும் கொக்கியில் தொங்கியபடி சங்கிலியோடு நகர்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு விஷயம் புரியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். இங்கே லீவு கேட்கலாம், முன்பணம் கேட்கலாம், மேஸ்திரி காஞ்சோவின் மகள் கல்யாணத்தில் ராக்கியா சாராயத்தில் தண்ணீர் கலந்தது யார் என்றுகூடக் கேட்கலாம். கத்தி மட்டும் கேட்கக் கூடாது. கேட்டவர்கள் குடல் கழுவும் பிரிவுக்குப் போவார்கள். குடல் கழுவப் போனவர்களின் பக்கத்தில் பஸ்ஸில் யாரும் உட்காருவதில்லை.

அந்தத் தொழிற்சாலையில் கத்தி யாருக்கும் சொந்தமில்லை. இடைவேளை மணி அடித்ததும் ஆளாளுக்குக் கையில் இருப்பதைத் தொட்டியில் போடுவார்கள். சாணைக்காரன் மொத்தமாக அள்ளிப்போய், ஒரே கல்லில் தீட்டி, மறுபடி தொட்டியில் கொட்டுவான். மணி அடித்தால் கைக்கு எது வருகிறதோ அதுதான் உன் கத்தி, அடுத்த மணி வரைக்கும். கூட்டுறவுக் காலத்தில் வந்த ஏற்பாடு. அந்தக் காலம் போய்விட்டது, வாசலில் இருந்த சிவப்பு நட்சத்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று, முதலாளி மூன்று முறை மாறிவிட்டார். லாபம் எப்போதோ தனியாருக்குப் போய்விட்டது. கத்தி மட்டும் இன்னும் பொதுவுடைமை.

தொட்டி என்றால் சாதாரணத் தொட்டி இல்லை. கத்தியைக் கொதிநீரில் சுத்தம் செய்யும் சாதனம் என்று அதன் மேல் எழுதியிருந்தது. தண்ணீர் எண்பத்திரண்டு டிகிரியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். எண்பத்திரண்டில்தான் இருந்தது. பக்கத்தில் பதித்திருந்த வெப்பமானியின் முள் அந்த எண்ணிலேயே துருப்பிடித்து நின்றுவிட்டது. தண்ணீர் ஆறியபோதும் எண்பத்திரண்டு. ஜனவரியில் மேலே ஐஸ் ஆடை கட்டியபோதும் எண்பத்திரண்டு. அடைப்பைத் திறந்து தொட்டியைக் காலியாக்கினால் வெறும் காற்றும் எண்பத்திரண்டு. அதற்குள் கிடந்த நீர் இளஞ்சிவப்பாக இருக்கும். மேலே கொழுப்பு மிதக்கும். கையை விட்டு எடுத்தால் மணிக்கட்டில் ஒரு வளையம் ஒட்டிக்கொண்டு வரும். அந்த நிறத்தில் எவ்வளவு பன்றி, எவ்வளவு மனிதர் என்று யாரும் கேட்டதில்லை.

கை வெட்டுப்படாத ஆள் அந்தக் கூடத்தில் கிடையாது. வெட்டினால் மேலங்கியில் கத்தியைத் துடைப்பார்கள், விரலில் துணியைச் சுற்றுவார்கள், அடுத்த தொடையை இழுப்பார்கள். இரும்பு வலைக் கையுறைகள் இருந்தன. மேல்மாடி அலுவலகத்தில், கண்ணாடி அலமாரியில், விருந்தாளிகளுக்காக.

"தனிக் கத்தியா?" காஞ்சோ தொப்பியைக் கழற்றி, மண்டையைச் சொறிந்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "எதுக்கும்மா? பொதுக் கத்தி வெட்ட மாட்டேங்குதா?"

"நல்லாவே வெட்டுது. என்னையும் வெட்டுது, எல்லாரையும் வெட்டுது. அதனாலதான் கேக்குறேன்."

அவள் கேட்டதற்குக் காரணம் காஞ்சோவின் குடலிறக்கம்.

இலையுதிர் காலத்தில் அவருக்கு அறுவைச் சிகிச்சை. உறவுக்காரர்கள் ரத்தம் கொடுத்தால்தான் கத்தி வைப்போம் என்றது ஆஸ்பத்திரி. காஞ்சோவின் உறவுக்காரர்கள் எல்லாரும் அந்த வாரம் பார்த்து ஜெர்மனியில் இருந்தார்கள். ஆகவே அவர் தன் கூடத்திலிருந்து ஆறு பேரைப் பொறுக்கி, அரை நாள் சம்பளத்தோடு ரத்த வங்கிக்கு அனுப்பினார். ஆறு பேரும் ஆளுக்கொரு பை கொடுத்துவிட்டு, பிஸ்கட் தின்றுவிட்டு வந்தார்கள். பரிசோதனை முடிந்ததும் நான்கு பேருக்குத் தனித்தனியாக அழைப்பு வந்தது. அவர்களுடைய ரத்தத்தைக் கொட்டிவிட்டார்களாம். நான்கு பேருக்கும் ஹெபடைடிஸ் பி. ஈரலில் உட்காரும் மஞ்சள் நோய். நால்வரில் வெனெலினா ஒருத்தி. தப்பித்த இருவரில் ஸ்லாத்கா ஒருத்தி.

ரத்த வங்கித் தாதி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். "பன்னிகிட்ட இருந்து இது வராதும்மா. மனுஷன் ரத்தம் மனுஷன் ரத்தத்துல கலந்தாதான் வரும். காஞ்சு போன ரத்தத்துலகூட ஒரு வாரம் உசிரோட கிடக்கும். நீங்க எல்லாம் ஒரே இடத்துல என்னதான் பண்றீங்க?"

"எலும்பு பிரிக்கிறோம்," என்றாள் வெனெலினா.

தனக்கு வந்தது வந்துவிட்டது, அதைப் பற்றி அவள் ஒரு ராத்திரி அழுது முடித்தாள். மாவட்ட மருத்துவமனையில் ஈரல் மருத்துவர் அடிக்கடி வந்து காட்டச் சொன்னார், காட்டுவாள். ராக்கியாவைத் தொடாதே என்றார், தொடமாட்டாள். அவள் கவலை எதிரில் நின்ற ஸ்லாத்கா.

ஸ்லாத்கா இடதுகைக்காரி. மேசை, கொக்கி, சங்கிலி எல்லாமே வலதுகைக்காரர்களுக்காகச் செய்தவை. ஆகவே எல்லாரும் ஒரு பக்கமாக இழுக்கும்போது அவள் மட்டும் எதிர்ப்பக்கமாக இழுப்பாள், எல்லாரையும்விட அதிகமாக வெட்டிக்கொள்வாள். அவள் பிறந்த காலத்தில் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி போடும் வழக்கம் இல்லை. விஷயம் தெரிந்ததும் வெனெலினாவே அவளை இழுத்துப்போய் முதல் ஊசியைப் போடவைத்தாள். மூன்று ஊசி, முடிய ஆறு மாதம். அதுவரை அவள் உடம்பைக் காக்க எதுவும் இல்லை.

உடை மாற்றும் அறையில் இருவரும் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

"வேலைய விட்டுட்டு ஆறு மாசம் எங்கயாவது போயேன்டி."

"எங்க போறது? ரெண்டு பிள்ளைங்க, வேலையத்த புருஷன், அவனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள். மோட்டார் சைக்கிளுக்கும் வேலை கிடையாது."

"அப்போ என் கத்தி உன் கைக்கு வரக் கூடாது. மத்த மூணு பேரும் நம்ம ஷிஃப்ட் இல்ல, வேற கூடத்துக்கு மாத்திட்டாங்க. இங்க இப்போ நான் ஒருத்திதான்."

"நீ வெட்டிக்காம இருக்கலாம்ல அக்கா."

"நீ சொல்லிட்ட, இனிமே வெட்டிக்க மாட்டேன் போ."

ஸ்லாத்கா சிரித்தாள். அவள் கட்டைவிரலில் அப்போதும் ஒரு துணி சுற்றியிருந்தது.

இப்படித்தான் கேட்கக் கூடாததை வெனெலினா கேட்டாள். காஞ்சோ யோசித்தார். தாராளமாக யோசித்தார், சங்கிலியையே நிறுத்திவிட்டு.

"கத்தி கம்பெனியோடது. நீயும் கம்பெனியோட ஆளு. கம்பெனி பொருள் ஒண்ணு இன்னொண்ண சொந்தம் கொண்டாட முடியுமா? நாளைக்கு இந்தக் கொக்கி வந்து, எனக்குன்னு ஒரு பன்னி வேணும்னு கேட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"கொக்கிக்கு ஹெபடைடிஸ் கிடையாதுண்ணே."

"ஷ்," என்றார் காஞ்சோ, பன்றிகள் கேட்டுவிடும் என்பதுபோல.

ஸ்லாத்கா எதிரிலிருந்து குரல் கொடுத்தாள். "குடுத்துடுங்கண்ணே. உங்க உடம்புல இப்போ என் ரத்தம்தான் ஓடுது. அந்தப் பாசத்துக்காவது."

"ரத்தப் பேச்சே வேண்டாம்னு மேலிடத்து உத்தரவு," என்றார் காஞ்சோ.

உண்மைதான். மறுநாள் வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஊழியர்கள் இனி எந்தக் காரணம் கொண்டும் ரத்த தானம் செய்யக் கூடாது. நான்கு பேர் ரத்தத்தை வேண்டாமென்று கொட்டியதால் நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் வந்திருக்கிறது. நோய் கண்டதில் தவறில்லை, அதை வெளியே கொண்டுபோய்க் காட்டியதுதான் தவறு. வெனெலினாவைக் குடல் கழுவவும் அனுப்பவில்லை, அனுப்பினால் ஏன் என்று யாராவது கேட்பார்கள்.

வெனெலினா சும்மா இருக்கவில்லை. ஒரு கத்தியின் கைப்பிடியில் நீல நிற ஒட்டுநாடாவைச் சுற்றி, அதை மட்டும் எடுக்கத் தொடங்கினாள். இடைவேளையில் தொட்டியில் போடாமல் காலணிக்குள் செருகிக்கொண்டாள். மூன்றாம் நாள் காஞ்சோ பிடித்துவிட்டார்.

"இது என்னது?"

"அடையாளம்."

"இது வெளிப்பொருள். நாடா பிஞ்சு கறியில விழுந்தா என்ன ஆகும்? திங்கிறவன் மனுஷன் இல்லையா?"

அந்தத் தொழிற்சாலையின் அரைத்த கறியில் அதற்கு முன்பு நகம் கிடைத்திருக்கிறது. சுருட்டை முடி கிடைத்திருக்கிறது. ஒருமுறை பல்லில் அடைத்த வெள்ளி கிடைத்து, அதைச் சொந்தக்காரர் வந்து நன்றி சொல்லி வாங்கிப்போனார். அவையெல்லாம் நம்முடைய பொருள்கள். நீல நாடா மட்டும் வெளிப்பொருள். காஞ்சோ அதை இரண்டு விரலால் உரித்து, அருவருப்போடு குப்பையில் போட்டுவிட்டு, கத்தியைத் தொட்டியில் போட்டார். அது மற்ற கத்திகளோடு கலந்து மறைந்தது.

அடுத்து டாக்டரம்மா. தொழிலாளர் நல மருத்துவர் பஸ்கலேவா மாதம் ஒருமுறை வருவார். கூடத்துக்குள் வரமாட்டார், வாடை ஆகாது. கேன்டீனில் காபியோடு உட்கார்ந்து, வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்பார். எல்லாரும் அந்த நாட்டு வழக்கப்படி ஆமாம் என்று தலையை இடமும் வலமும் ஆட்டுவார்கள். பரிசோதனை முடிந்தது.

வெனெலினா வரிசையை விட்டு முன்னால் வந்து விஷயத்தைச் சொன்னாள். டாக்டரம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். பிறகு காபியைத் தள்ளினார். பிறகு பரிவோடு பேசினார்.

"எங்க போய் வாங்கிட்டு வந்தம்மா? நகம் அலங்காரம் பண்ற கடைக்குப் போவியா?"

வெனெலினா இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். நகங்களின் ஓரமெல்லாம் கருத்து, உடைந்து, இரண்டு விரலில் நகமே இல்லாமல் இருந்தன. "இத எந்தக் கடையில சேத்துக்குவாங்க டாக்டரம்மா?"

"பச்சை குத்தினியா? உன் புருஷன் லாரி ஓட்டுறவரா?"

"இங்கயே பேக்கிங்ல நிக்கிறாரு. ரத்தம் பாத்தாச்சு, சுத்தமா இருக்காரு. கத்தியே தொடாத ஆளு."

"அப்போ நகக் கடைதான். நாலு பேரும் ஒரே கடைக்குப் போயிருப்பீங்க."

"நாலுல ரெண்டு பேரு ஆம்பளைங்க."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "காலம் மாறிடுச்சும்மா," என்றார்.

கடைசியாகக் கால்நடை மருத்துவர் மின்கோவிடம் போனாள். அந்த வளாகத்திலேயே சுடுநீர் வரும் ஒரே குழாய் அவர் அறையில்தான் இருந்தது. ஒவ்வொரு பன்றிக்கூட்டத்திலிருந்தும் ரத்தம் எடுத்து, புதுப்புது ஊசியில், கண்ணாடிக் குப்பிகளில் பத்திரமாக வைத்திருந்தார்.

"பன்னிகளுக்கு ஒரு குறையும் இல்லம்மா," என்றார் பெருமையாக. "நம்ம தொழிலாளிங்ககிட்ட இருந்து இதுவரைக்கும் ஒரு பன்னிக்குக்கூட நோய் தொத்தினது கிடையாது."

"பன்னிக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஊசி. எங்களுக்கு எல்லாருக்கும் சேத்து ஒரு தொட்டிக் கத்தி. இத நீங்களாவது மேல எழுதுங்க ஐயா."

"எனக்கு அதிகாரம் இல்லையேம்மா. உனக்கு நாலு கால் இருந்தா இப்பவே கூடத்த மூடிடுவேன்." நல்ல மனிதர், உண்மையாகவே வருத்தப்பட்டார். "வேணும்னா முத்திரை குத்தி விடட்டுமா? தின்னத் தகுந்ததுன்னு."

இதற்குள் பிப்ரவரி வந்துவிட்டது. ஸ்லாத்கா இரண்டாவது ஊசி போட்டிருந்தாள், மூன்றாவதுக்கு இன்னும் நாள் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் இறைச்சித் தொழில் சுகாதார உயர் ஆணையம் தலைநகர் சோஃபியாவிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. அந்த நான்கு பேர் விவகாரத்தை யாரோ எழுதிப்போட்டிருந்தார்கள். வெனெலினா முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினாள். படித்தவர்கள் வருகிறார்கள், பார்த்தால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தாள்.

சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். கண்ணாடி அலமாரியிலிருந்து இரும்புக் கையுறைகள் இறங்கி வந்தன. எல்லாமே ஒரே அளவு, எல்லாமே வலது கைக் கத்திக்காரர்களுக்கானவை. தொட்டியின் வெப்பமானியைத் துணியால் துடைத்தார்கள். முள் பளபளவென்று எண்பத்திரண்டில் நின்றது.

ஆணையம் மூன்று பேராக வந்தது. தலை முதல் கால் வரை வெள்ளைப் பிளாஸ்டிக் அங்கி, கையில் இரட்டைக் கையுறை, முகத்தில் கவசம், கவசத்துக்கு மேல் கண்ணாடி. கூடத்துக்குள் நுழையும்போது ஒருவருக்கொருவர் மருந்து தெளித்துக்கொண்டார்கள். தலைவர் பேராசிரியர் மஸ்லார்ஸ்கி தொட்டிக்கு அருகில் நின்று முள்ளைப் பார்த்தார், சரி என்று தலையை இடமும் வலமும் ஆட்டினார். தண்ணீரைத் தொடவில்லை.

பிறகு பேசினார். கவசத்துக்குள்ளிருந்து வந்ததால் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல இருந்தது.

"அன்பான தொழிலாளர்களே. இந்தக் கூடத்தில் நான் என்ன பார்க்கிறேன்? நோயைப் பார்க்கவில்லை. நோயைப் பார்க்கும் கருவியை நாங்கள் கொண்டுவரவில்லை. நான் பார்ப்பது நம்பிக்கை. இங்கே தயாராகும் கறியைச் சாப்பிட்டு ஒருவருக்கும் இந்த நோய் வராது என்று ஆணையம் உறுதியாகச் சொல்கிறது. நுகர்வோர் பாதுகாப்பாக இருக்கிறார். பன்றி பாதுகாப்பாக இருக்கிறது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பவர்களைப் பற்றி எங்களுக்கு எந்தப் புகாரும் வரவில்லை."

"புகார் நான்தான்," என்றாள் வெனெலினா.

காஞ்சோ கண்ணை மூடிக்கொண்டார். அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கு ஐயா. என் எதிர்ல நிக்கிற பொண்ணுக்கு இல்ல. ரெண்டு பேரும் ஒரே தொட்டியில கை விடுறோம். எனக்கு ஒரு கத்தி தனியாக் குடுக்கச் சொல்லுங்க. என்னைக் காப்பாத்த இல்ல. என்கிட்ட இருந்து அவளைக் காப்பாத்த."

ஆணையத்தின் மூவரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்வாங்கினார்கள். மற்ற இருவர் மறுபடி மருந்து தெளித்துக்கொண்டார்கள். பேராசிரியர் மட்டும் கவசத்துக்குள் புன்னகைத்தார். கண்ணாடியில் ஆவி படிந்தது.

"சகோதரி, உங்கள் வலி புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்பது என்ன என்று யோசித்தீர்களா? நோயாளிக்குத் தனிக் கத்தி. நாளைக்குத் தனித் தட்டு. நாளை மறுநாள் தனி நாற்காலி. இதற்குப் பெயர் ஒதுக்கிவைத்தல். நாம் ஐரோப்பாவில் இருக்கிறோம். நோயைக் காரணம் காட்டி ஒரு தொழிலாளியை வேறுபடுத்தக் கூடாது என்று நமக்கு விதி இருக்கிறது. உங்களை யாரும் ஒதுக்க நான் அனுமதிக்கமாட்டேன். நீங்களே கேட்டாலும் அனுமதிக்கமாட்டேன்."

கைதட்டினார்கள். காஞ்சோ முதலில் தட்டினார், நிம்மதியாக. பாதிப் பேர் ஏன் தட்டுகிறோம் என்று தெரியாமல் தட்டினார்கள். இரட்டைக் கையுறை போட்ட கைகள் தட்டும்போது ஈரமான துணியை அடித்துத் துவைப்பதுபோல ஒரு சத்தம் வந்தது.

பேராசிரியர் உற்சாகமாகிவிட்டார். பொதுக் கத்தி முறையை நாட்டுக்கே முன்மாதிரியாக அறிவித்தார். ஆதியில் மனிதன் வேட்டையைப் பகிர்ந்தான் என்று ஆரம்பித்து, கற்கருவிகள், சகோதரத்துவம், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவி என்று வெகுநேரம் பேசினார். மேல்மாடியிலிருந்து விருந்துக்கான பானித்சாப் பலகாரமும் வறுத்த பன்றிவிலாவும் மணத்தன. கீழே தொட்டி நாறியது.

பேச்சு முடிந்ததும் படக்காரன் வந்தான். ஆணையம் ஒரு சுவரொட்டி போடப்போகிறதாம், எல்லாத் தொழிற்சாலைகளிலும் ஒட்டுவதற்கு. 'நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம்' என்று தலைப்பு. நோயுள்ள தொழிலாளி தன் கத்தியை நோயில்லாத தொழிலாளியின் கையில் கொடுக்க வேண்டும், இரண்டு பேரும் சிரிக்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி.

வெனெலினாவையும் ஸ்லாத்காவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். அன்று காலையில்தான் ஸ்லாத்கா உள்ளங்கையை வெட்டிக்கொண்டிருந்தாள், பெரிய பிளாஸ்திரி ஒன்று ஒட்டியிருந்தது.

"அந்தப் பிளாஸ்திரிய எடுத்துடுங்க," என்றான் படக்காரன். "படத்துல அசிங்கமாத் தெரியுது."

ஸ்லாத்கா காஞ்சோவைப் பார்த்தாள். காஞ்சோ பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் கனிவோடு கையசைத்தார். ஸ்லாத்கா பிளாஸ்திரியின் ஒரு முனையை மெதுவாக உரித்தாள். உள்ளே சிவப்பாகத் திறந்திருந்தது.

"கத்திய நல்லா அழுத்திக் குடுங்கக்கா," என்றான் படக்காரன் வெனெலினாவிடம். "பாசம் தெரியணும்."

வெனெலினா முடிவெடுத்து வெகுநேரம் ஆகியிருந்தது. பேராசிரியர் கற்காலத்தில் இருக்கும்போதே எடுத்துவிட்டாள். பெரிய மனிதர் பேசி முடிக்கட்டும் என்று மரியாதைக்காகக் காத்திருந்தாள், அவ்வளவுதான். கத்தியை மேசைமேல் வைத்தாள். மேலங்கியின் முடிச்சை அவிழ்த்தாள்.

"என்னம்மா பண்ற? விருந்து இருக்கு," என்றார் காஞ்சோ.

"நீங்க தின்னுங்கண்ணே."

"சகோதரி, உங்களை யாரும் ஒதுக்கவில்லை," என்றார் பேராசிரியர்.

"தெரியுது ஐயா. நானேதான் ஒதுங்குறேன்."

படக்காரனுக்கு வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. "சரி, வேற யாராவது நோயாளி இருக்கீங்களா?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டான். ஒவ்வொருவராகத் தங்கள் கைகளைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்கள், முன்னும் பின்னும், அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல.

வெனெலினா ஸ்லாத்காவின் கையைத் தொடவில்லை. "பிளாஸ்திரிய ஒட்டு," என்றாள். "மூணாவது ஊசிக்கு நான் வந்து கூட்டிட்டுப் போறேன். மறந்தேன்னு சொன்ன, உன் புருஷனையும் மோட்டார் சைக்கிளையும் சேத்துக் கொளுத்திடுவேன்."

ஸ்லாத்கா பிளாஸ்திரியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாசல் காவலாளி ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினான். "ஷிஃப்ட் முடியலையே வெனெலினா. சீக்கிரம் போறதுக்கு மேஸ்திரிகிட்ட சொல்லிட்டியா?"

"நாளைக்கும் வரமாட்டேன்," என்றாள் அவள், நடையை நிறுத்தாமல். "அதையும் நீயே சொல்லிடு."